சொந்தமாக ஒரு சொல்

அவர் என்னைத் திட்டியதில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. பிரஸ் ஷாப்பில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, கையில் ஒரு தகட்டை ஆட்டிக்கொண்டு, “கண்ண மூடிக்கினா செக் பண்ண? வண்டி ஓடறப்போ இது உடைஞ்சி ஒருத்தன் செத்தா, நீ போயி அவன் ஊட்ல பதில் சொல்லுவியா?” என்று முகம் சிவக்கக் கத்தினார். குவாலிட்டி பிரிவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நான் அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று பெயர். அன்று என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

மத்தியானம் கேன்டீனில் அதே மனுஷி தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, “ஊறுகா தொடமாட்டியாம்மா? எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காலைல அந்தக் கிழி கிழிச்சிட்டு இப்போ ஊறுகா கேக்கறீங்களா?”

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, அதுவா? அது அட்வைசரோட கோவம்மா. என் வழியா வந்துது, போயிடுச்சி” என்றார். பிறகு ஊறுகாயை எடுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

தேர்வாய் கண்டிகையில் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக் கொடுக்கும் ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை அது. அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் அட்வைசர்கள் சொல்வதைத் தமிழிலும், நாங்கள் சொல்வதை அவர்கள் பாஷையிலும் சொல்லவேண்டும். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரே தன் பெயரைச் சொல்லி யாரிடமும் அறிமுகம் செய்துகொண்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் டிரான்ஸ்லேட்டர் மேடம், எனக்குப் போகப்போக அக்கா. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. தொப்பி எப்போதும் தலைக்கு ஒரு சைஸ் பெரியதாக இருக்கும். கூட்டம் முடிந்ததும் அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது, தேடவும் மாட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. சொந்தமாக ஒரு சொல் சேர்ப்பதில்லை, சொன்னதில் ஒரு சொல் விடுவதுமில்லை. அட்வைசர் கோபித்தால் இவரும் கோபிப்பார். ஆபரேட்டர் அழுதால் இவர் குரலும் உடைந்து ஜப்பானிய பாஷையில் அழும். எங்கள் சூப்பர்வைசர் ஒருநாள் அட்வைசரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, “இந்த மொட்டைக்கு இன்னா தெரியும், ஏசி ரூம்ல குந்திகினு பேசுவான்” என்று எங்களிடம் முணுமுணுத்தார். அக்கா அதையும் அலுங்காமல் குலுங்காமல் மொழிபெயர்த்துவிட்டார். அட்வைசர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது.

“இன்னா மேடம், இதையெல்லாமா சொல்லுவாங்க? என் பொழப்புல மண்ணப் போட்டீங்களே!”

“அவரு எதிர்ல பேசினா சொல்லித்தான் ஆவணும் சார். எதச் சொல்றது, எத உடறதுன்னு முடிவு பண்ண நான் யாரு?”

இதை அவர் அடிக்கடி சொல்வார். நான் யாரு. வேறு யாராவது சொன்னால் அது அடக்கமாகவோ சலிப்பாகவோ இருக்கும். இவர் சொன்னால் கேள்வியாகவே இருக்கும். பாதிப் படிப்பில் விட்டுவிட்டு வந்த கேள்வி அது என்று எனக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் தெரிந்தது.

நான் வேப்பம்பட்டில் ஏறுவேன். பஸ் திருவள்ளூர் வந்து ஊத்துக்கோட்டை போகும்போது அவர் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். அவருடைய தாத்தா ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நைனா, அதாவது அவருடைய அப்பா, கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். இவர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு கியோத்தோவுக்குப் போய்த் தத்துவம் படித்தார். அந்த ஊரில் போன நூற்றாண்டில் சில பேராசிரியர்கள், சுயம் என்றால் என்ன, சுயத்தை வைத்துக்கொண்டு ஒருவன் கடவுளிடம் போக முடியுமா என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டார்களாம். அதைப்பற்றித்தான் படிப்பு.

“உள்ள ஒருத்தன் குந்திகினு எல்லாத்தையும் ஓட்டறான்னு நெனைக்கறோம் பாரு, அப்டி ஒருத்தன் இல்லன்னாங்க. எடம் மட்டும்தான் கீது. பசி வருது, கோவம் வருது, சாமி வருது. வந்துட்டுப் போற எடம்தான் நாம.”

“அப்போ இந்த மாசம் சம்பளமும் எடத்துக்குத்தான் வருதா? என் அக்கவுன்ட்டுக்குப் போட்டுடச் சொல்லுங்க.”

அவர் சிரிப்பார். நான் எதைச் சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது, அதுவே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். சொந்த வீடு வேண்டும் என்று நான் ஆறு வாரம் சிறுவாபுரி முருகனுக்கு நடந்தபோது, “எப்பப் பாத்தாலும் நாமதான் சாமியக் கேக்கணுமா? அது நம்மளக் கேட்டா இன்னா பண்ணுவ?” என்றார்.

“என்னை இன்னா கேக்கும்? ஆதார் நம்பரா?”

“தெர்ல. அவங்க அதத்தான் சொன்னாங்க. மதம் எனக்கு எதுக்குன்னு கேக்கறவரைக்கும் மதம் பக்கத்துலயே வரலியாம். நான் எதுக்குன்னு என்னையே ஒரு கேள்வி வந்து புடிக்கணுமாம். அப்போதான் ஆரம்பம்.”

நைனா பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஒவ்வொரு வருஷமும் ஒரே பிரசங்கம் செய்வாராம். கடவுளுக்குச் சமமாக இருந்தவர் தன்னை வெறுமையாக்கிக்கொண்டு அடிமையாக வந்தார் என்று. கியோத்தோவில் ஒரு பௌத்தப் பேராசிரியர் அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தியதைக் கேட்டபோது, நைனாவின் குரலே கேட்டதுபோல் இருந்ததாம். அன்றைக்கு ஹாஸ்டலுக்கு நடந்து போகும்போது, தான் என்ற பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு இந்த வேலை அவருக்கு வேலையாகவே இல்லை. தன்னைக் காலியாக வைத்துக்கொண்டு அடுத்தவர் சொல்லுக்கு இடம் கொடுப்பது அவருக்குக் கிட்டத்தட்ட ஜெபம்.

“அப்புறம் ஏன் படிப்ப முடிக்கல?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ரெண்டாவது ஒலக யுத்தம் வந்துச்சி இல்ல? அப்போ சுயத்த உடு, சுயத்த உடுன்னு சொன்ன வாத்தியாருங்கள்ல சில பேரு, நாட்டுக்காக உடுன்னும் சொல்லிட்டாங்க. சில பேரு வாயே தொறக்கல. அவங்களாண்ட படிச்ச பசங்க போயி செத்தாங்க. அதுல ஒருத்தரு வயசான காலத்துல, என் தத்துவம் என்னைக் காப்பாத்தல, நான் பாவம் பண்ணிட்டேன், மனந்திரும்பறதத் தவிர எனக்கு வழியில்லன்னு ஒரு பொஸ்தகமே எழுதினாரு. அதப் படிச்சி நான் அழுதேன். அழுது முடிச்சதும் ஒண்ணு தோணுச்சி. இத அந்தப் பசங்க யாரும் படிக்கலியே.”

அதற்குமேல் ஒரு வரி எழுத வரவில்லையாம். ஊருக்கு வந்துவிட்டார். எனக்கு அன்று இதெல்லாம் பாதி புரிந்தது, பாதி தூக்கம் வந்தது.

ஏழுமலை பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்திலிருந்து வந்தவன். ஏரியில் இறால் குறைந்து போனதால் இரும்புக்கு வந்தவன் என்று அவனே சொல்வான். அம்மா அப்பா இல்லை. அவனுடைய அக்கா அஞ்சலைதான் வளர்த்தாள். அவள் கட்டிக் கொடுக்கும் மீன் வறுவலை எல்லோருக்கும் பங்கு வைப்பான்.

பெரிய பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கையோ தலையோ உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். அந்த வாரம் அந்தச் சென்சார் கெட்டுப்போய், உள்ளே யாருமே இல்லாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் லோடு போகவேண்டும். புரொடக்‌ஷனைப் பார்க்கும் பெரிய அட்வைசர், அந்த வழுக்கைத் தலைக்காரர்தான், வந்தார். சென்சாரைக் காட்டினார், கையால் வெட்டுவதுபோல் செய்தார், ஒரு விரலைத் தூக்கி “டுடே ஒன்லி” என்று எங்களுக்கும் தெரிந்த இங்கிலீஷிலேயே சொன்னார். பிறகு ஜப்பானிய பாஷையில் பேசினார். அக்கா அவர் பக்கத்தில் நின்று, அவருடைய அவசரத்தோடும் அவருடைய உறுதியோடும் தமிழில் சொன்னார்.

“இன்னிக்கி மட்டும் சென்சார் ஒயர எடுத்துட்டு ஓட்டுங்க. பாத்துக்கலாம், ஒண்ணும் ஆவாது.”

முதல் பீஸைச் சரிபார்க்க நான் அங்கேதான் இருந்தேன். ஏழுமலை அக்காவைப் பார்த்து, “ஓட்லாமா மேடம்?” என்று கேட்டான். அட்வைசரை அல்ல, அக்காவை. அக்கா அந்தக் கேள்வியை ஜப்பானிய பாஷையில் சொன்னார். அட்வைசர் தலையசைத்தார். “ஓட்டு” என்றார் அக்கா. சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் சிக்கிய தகட்டை எடுக்க ஏழுமலை உள்ளே குனிந்தான். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

பெரிய அட்வைசரை அந்த வாரமே ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழுமலையின் காரியம் முடிந்து அஞ்சலை வந்தபோது கான்பரன்ஸ் ஹாலில் ஜப்பானிய எம்.டி., வக்கீல், எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர், அக்கா, விபத்து நடந்த ஷிஃப்ட்டில் இருந்தவள் என்று நான். எம்.டி. எழுந்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். மிகவும் துயரமான ஒரு நிகழ்வு நடந்துவிட்டது என்றார். அக்கா அதே துயரத்தோடு சொன்னார். குடும்பத்துக்குச் செய்யவேண்டியதைக் கம்பெனி செய்யும் என்று வக்கீல் சொன்னார். அஞ்சலை எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அதெல்லாம் கெடக்கட்டும் சார். என் தம்பி அவனா போயி கைய உடல. சென்சார எடுத்துட்டு ஓட்டச் சொன்னாங்கன்னு கூட வேல செஞ்சவங்க சொல்றாங்க. சொன்னது யாரு? அந்த ஆளக் காட்டுங்க. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

அக்கா மொழிபெயர்த்தார். எம்.டி. வக்கீலைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா தமிழில் ஆரம்பித்தார்.

“இது எந்தவொரு தனி மனுஷரோட தப்பும் இல்ல. அமைப்புல ஏற்பட்ட ஒரு கோளாறு. இதுக்குப் பின்னால யாரும்...”

அங்கே நிறுத்தினார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நாங்கள் கேட்டதில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நான்தான் சொன்னேன்.”

“மேடம், அவரு சொன்னத மட்டும் சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

“இது அவரு சொல்லல சார். நான் சொல்றேன். ஏழுமலை கேட்டாரு, ஓட்லாமான்னு. நான்தான் ஓட்டுன்னு சொன்னேன்.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அஞ்சலை எழுந்து அவர் அருகே வந்து நின்றாள்.

“நீயா?”

“ஆமாம்மா.”

“ஏன் சொன்ன?”

அஞ்சலை அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தக் கட்டிடத்துக்குள் வந்த பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

எங்கள் கம்பெனியில் தப்பு நடந்தால் ‘ஒய்-ஒய்’ கூட்டம் போடுவார்கள். ஏன் நடந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிவேரைப் பிடிக்கவேண்டும். அதில் ஒரு விதி உண்டு, எந்தப் பதிலிலும் ஓர் ஆளைக் காரணமாக எழுதக்கூடாது. முறையைத்தான் குற்றம் சொல்லவேண்டும், மனிதனை அல்ல. நல்ல விதி என்று நானே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏழுமலைக்குப் போட்ட கூட்டத்தில்தான் அந்த விதியை முதல்முறையாக மீறினார்கள். ஐந்தாவது ‘ஏன்’னுக்குப் பதில், மொழிபெயர்ப்பாளரின் தவறான மொழிபெயர்ப்பு. சென்சாரைச் சரிபார்க்கும்வரை ஓட்டவேண்டாம் என்று அட்வைசர் சொன்னாராம், மேடம் ஓட்டு என்று மாற்றிச் சொல்லிவிட்டாராம்.

நான் கத்தினேன். “டுடே ஒன்லின்னு வெரலத் தூக்கினாரு சார், நான் பாத்தேன். பத்துப் பேரு பாத்தோம்!”

“நீங்க ஜப்பானிய பாஷை படிச்சிருக்கீங்களா?” என்று மேனேஜர் கேட்டார். மற்ற ஒன்பது பேரில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் கான்ட்ராக்ட். அக்காவைக் கேட்டார்கள். “சொன்னது நான்தான்” என்று மட்டும் சொன்னார். மாற்றிச் சொன்னேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பேசிய மனுஷியை மொழிபெயர்க்கத் தெரியாதவள் என்று எழுதி வெளியே அனுப்பினார்கள்.

கடைசி நாள் பஸ்ஸில் அவருடன் சண்டை போட்டேன். “உங்களுக்குப் பைத்தியமாக்கா? அந்த மொட்டை சொன்னத நீங்க தமிழ்ல சொன்னீங்க, அவ்ளோதான். நீங்களேதான சொல்லுவீங்க, என் வழியா வந்துது போயிடுச்சின்னு?”

“போவல. இது போவல” என்றார். பிறகு, “அவரு பாஷையில சொன்னது ஏழுமலைக்குப் புரியவே இல்லம்மா. ஏழுமலை கேட்ட கொரலு என்னுது. என் மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாரு, ஓட்லாமான்னு. வேணாம்ப்பான்னு ஒரு சொல்லு நான் சேத்திருக்கலாம். சேக்கக்கூடாதுன்னு சட்டம் வச்சிகினு இருந்தேன். உள்ள யாரும் இல்லாம வச்சிகினா அது பெரிய ஞானம்னு நெனச்சிகினு இருந்தேன். யாரும் இல்லாத எடத்துலதான் கண்டவனும் வந்து கொட்டிட்டுப் போறான். அந்த வாத்தியாருங்களுக்கு நடந்தது அதுதான். அத அவ்ளோ தூரம் போயி படிச்சிட்டு வந்து, அதையே செஞ்சேன் பாரு.”

“அதுக்காகப் பொய்யான பழியையும் தூக்கிக்குவீங்களா?”

“அந்தம்மா யாருன்னு கேட்டாங்க. அந்த ரூம்ல இருந்த அத்தன பேருக்கும் யாரும் இல்லன்றது எவ்ளோ வசதியா இருந்துச்சி, பாத்த இல்ல? என்னை வந்து புடிச்ச கேள்வி அதுதாம்மா.”

பிறகு அவரை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. அந்தத் தொழிலில் பேர் கெட்டால் கெட்டதுதான். ஊத்துக்கோட்டை பஜாரில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். லீவு நாட்களில் போய்ப் பார்ப்பேன். கடை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிப்போம். கோயிலுக்குப் போவதையும் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “போனா மன்னிச்சிடுவாங்க” என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

ஏழுமலையின் வருஷ திதிக்குப் பழவேற்காடு போகிறார் என்று தெரிந்து, இரண்டாம் வருஷம் நானும் கூடப் போனேன். குப்பத்தில் அஞ்சலையின் வீட்டுக்கு எதிரே, வலை காயப்போட்டிருந்த இடத்தில் அக்கா போய் நின்றார். அஞ்சலை படையலை முடித்துவிட்டு வெளியே வந்தாள். அதற்காகவே காத்திருந்தவள்போல் ஆரம்பித்தாள்.

“வந்துட்டியா? என் புள்ள மாதிரி வளத்தவன இரும்புக்குக் குடுத்துட்டு, நீ நல்லா சேல கட்டிகினு வந்து நிக்கறியா? உன் கொரல் வெளங்குமாடி? அந்த நாக்கு அழுவிப் போவாதா? ஓட்டுன்னு சொன்னியே, உன் கூடப் பொறந்தவனா இருந்தா சொல்லுவியா?”

தெருவே கூடி நின்றது. மண்ணை வாரி அவர்மேல் இறைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. முன்னால் போகப் பார்த்தேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திட்டு ஓய்ந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்தவளாக உள்ளே போனாள்.

பஸ் ஸ்டாண்டில் அவர் புடவையிலிருந்து மண்ணை உதறிவிட்டேன். “கல்லு மாதிரி நிக்கறீங்க. அழுதா அவங்களுக்காவது மனசு எறங்குமில்ல?”

“போன வருஷம் அழுதேன். நீ வந்து அழுதுட்டுப் போனா உன் மனசு லேசாயிடும், எனுக்கு இன்னான்னு கேட்டாங்க. அவங்க கேட்டது சரிதான். அழுவறப்போ உள்ள ஒருத்தி லேசாயிகினேதான் இருந்தா. மனந்திரும்பறதுலயும் நமக்கு ஒரு லாபம் பாக்கறோம். அதான் இந்த வருஷம் அழல.”

அதன்பிறகு நான் கூடப் போகவில்லை. அவர் ஒரு வருஷமும் தவறாமல் போனார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, திதி எப்போது வருகிறது என்று இரண்டு தடவை கேட்டார். ஊத்துக்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். உரக்கடைக்காரரும் நானும் இன்னும் சிலரும். வந்திருந்த போதகர் ஐயர், தன்னையே வெறுமையாக்கிக்கொண்ட சகோதரி என்று ஜெபத்தில் சொன்னார். அந்தச் சொல்லை மட்டும் சொல்லியிருக்கவேண்டாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இந்த மாசம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய கம்பெனியில் விசாரித்து, அங்கிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

“நீதான அவ கூட ஒருவாட்டி வந்த? இந்த வருசம் தெவசத்துக்கு அவ வர்ல. பொழுது சாயறவரைக்கும் வாசல்லயே குந்திகினு இருந்தேன். எங்க அவ?”

“அவங்க செத்துட்டாங்க. மழையில.”

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “செத்துட்டாளா? யாரக் கேட்டு செத்தா? வருசம் முச்சூடும் உள்ள வச்சிகினு கெடப்பேன், அன்னிக்கி ஒரு நாளு அவ தலைல கொட்டினாதான் எனுக்கு மூச்சு வரும். அவ பாட்டுக்குப் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? பாவி, செத்தும் என்னை...”

எனக்குப் பொறுக்கவில்லை. மண்ணை உதறிய புடவையும், அந்தக் கல்லறையும், தவறான மொழிபெயர்ப்பு என்று எழுதிய சொற்களும் ஒன்றாக மேலே வந்தன. “போதும்க்கா. அவங்க ஒரு தப்பும் பண்ணல. ஓட்டச் சொன்னது ஜப்பான் அட்வைசரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அவரு சொன்னதத்தான் அவங்க தமிழ்ல சொன்னாங்க, அது அவங்க வேல. நீங்க யாரு யாருன்னு கேட்டீங்க, ஒருத்தரும் பதில் சொல்லல, அதனால அவங்க ஒத்துகினாங்க. இத்தன வருஷமா தப்பு பண்ணாத மனுஷியத் திட்டினு இருந்தீங்க” என்று கொட்டிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன், இல்லை சண்டைக்கு வருவாள் என்று. இரண்டும் இல்லை. நிதானமாகக் கேட்டாள்.

“அந்த ஆளு எங்க கீறான்?”

“ஜப்பான்ல.”

“உயிரோட கீறானா?”

“தெர்லக்கா.”

“அவனுக்கு என் தம்பி பேரு தெரியுமா?”

ஆபரேட்டர்களை அட்வைசர் மெஷின் நம்பரை வைத்துத்தான் கூப்பிடுவார். “தெரியாது” என்றேன்.

“அன்னிக்கி அத்தன பேரு குந்தினு இருந்தாங்க. நான்தான்னு ஒருத்தி சொன்னா. ஒருத்தியாவது கீறா, என் தம்பிக்குப் பதில் சொல்ல ஒரு ஆளு கீதுன்னுதான் இத்தினி வருசம் சோறு தின்னேன்.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். “அவளும் இல்லன்ற. அப்போ மறுபடியும் யாருமே இல்லியா?”

நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

“இத்த நீ எதுக்கு என்னாண்ட சொன்ன?”

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பதிலுக்காக. எதிலும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசும் எனக்கு, அவளிடம் சொல்லச் சொந்தமாக ஒரு சொல் இல்லை. ஆட்டோ போனபிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.